நூற்றுநாலு அடிக் கோடு

செங்கேணிப்பட்டு ஏரியின் லெவல் புத்தகம் சவரிராயனின் மேசைக்கு வந்தபோது பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை மண்டி ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, ஏரி வேலைகளுக்கென்று தற்காலிகமாக ஓர் ஆபீஸ் போட்டிருந்தார்கள். யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டது. இருக்கிற ஏரிகளை உயர்த்தி இன்னும் கொஞ்சம் நெல் விளைய வைக்க வேண்டுமென்று மேலிருந்து உத்தரவுமேல் உத்தரவாக வந்துகொண்டிருந்தது. கீழே மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைக்கிற தூசி மாடிவரை ஏறி வரைபடத் தாளின்மேல் படியும். சவரிராயன் அதைக் கோழி இறகால் தள்ளிவிட்டு வேலை செய்வான்.

அந்த ஆபீஸுக்கு அவன்தான் டிராஃப்ட்ஸ்மேன். ஓவர்சியர் வெயிலில் நின்று ஏரியின் உள்வாயை, தண்ணீர் தேங்குகிற பரப்பை, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அளவுக் கட்டையை நிறுத்தச் சொல்லி, லெவல் கருவியின் குழாய் வழியே அந்த இடத்தின் உயரத்தைப் படித்துக் குறித்துக்கொண்டு வருவார். சவரிராயன் அந்த எண்களைப் பெரிய தாளில் அதனதன் இடத்தில் எழுதி, ஒரே உயரமுள்ள இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைப்பான். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் மண் எப்படிக் கிடக்கிறதென்று யாரும் அளந்ததில்லை. அதைக் கணக்கால்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தில் அவன் கெட்டிக்காரன். அவன் வரைந்த படத்தைப் பார்த்தால் பூமியே கையில் தட்டுப்படுகிற மாதிரி இருக்கும் என்று விழுப்புரத்திலிருந்த இன்ஜினியர் சீனுவாசன் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

செங்கேணிப்பட்டு ஏரியில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் நூற்றிரண்டு அடி மட்டத்தில் இருந்தது. அதை இரண்டடி உயர்த்திக் கட்டி, கரையையும் அதற்குத் தக்கபடி ஏற்றுவதாகத் திட்டம். ஆகவே சவரிராயன் வரைய வேண்டியவற்றில் நூற்றுநாலு அடிக் கோடுதான் முக்கியம். ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை வந்து நிற்கும் என்பதை அந்தக் கோடு சொல்லும். கோட்டுக்கு உள்ளே நிலமோ வீடோ இருந்தால் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.

எண்களை ஏற்றிக்கொண்டு வந்தவன் மேற்கு மூலையில் நின்றுவிட்டான். சில கட்டங்களுக்கு எதிரே எண் இல்லை. சின்னதாகக் கிடைக்கோடு மட்டும் போட்டிருந்தது.

"ஓவர்சியர் சார், இங்க லெவல் விட்டுப் போயிருக்கு."

ஓவர்சியர் வேங்கடேசன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அதுவா? அது சேரி சார். கட்டை புடிக்கிற பச்சைமுத்து உள்ள போவ மாட்டேன்னுட்டான். நானும் வற்புறுத்தல. தங்கினது அந்த ஊரு பண்ணை ரெட்டியார் வூட்டுல. சேரிக்குள்ள போயிட்டு மறுபடி அவுரு வூட்டுப் படியேற முடியுமா, சொல்லுங்க? சுத்தி நாலு பக்கமும் எடுத்திருக்கேன் பாருங்க. நூத்தஞ்சு, நூத்தாறு. நடுவுல மட்டும் இன்னா பெருசா மாறிடப் போவுது? சராசரி போட்டுடுங்க."

"மண்ணு அப்படி சராசரியா இருக்காது சார்."

"ஏன், ஒங்களுக்கு அந்த ஊரு தெரியுமா?"

சவரிராயனுக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும். அவன் மனைவி லூர்துமேரி பிறந்தது அந்தச் சேரியில்தான். கோயில் என்று அவர்கள் சொல்லும் கூரைக்கொட்டகையில்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் ஆபீஸில் அது யாருக்கும் தெரியாது. விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் கரி அள்ளியவரின் மகன் அவன். சாமியார்கள் நடத்திய பள்ளியில் படித்து, மதராஸில் படம் வரையக் கற்று வந்தவன். ராயன் என்ற பெயரையும், சுத்தமான சட்டையையும், பேச்சையும் பார்த்து, மேல்சாதிக் கத்தோலிக்கக் குடும்பம் என்று ஆபீஸ்காரர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். அவன் இல்லையென்று சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"தெரியாது சார்" என்றான்.

"அப்புறம் இன்னா? போட்டுடுங்க. படம் ஜல்தியா மதராஸ் போவணும்."

அவன் சுற்றியிருந்த எண்களைக் கூட்டி வகுத்து, சேரியின்மேல் நூற்றைந்தரை, நூற்றைந்தரை என்று எழுதினான். பிறகு நூற்றுநாலு அடிக் கோட்டை இழுத்தான். கோடு சேரிக்குக் கிழக்கே, ஏரிப் பக்கமாகவே வளைந்து ஒதுங்கிப் போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வைகாசிக்குள் திட்டம் அனுமதியாகி வந்துவிட்டது. யுத்த அவசரம் இல்லாவிட்டால் இத்தனை சீக்கிரம் வந்திருக்காது. ஆனியில் கரை வேலை தொடங்கியது.

ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளுக்கு சவரிராயனும் லூர்துமேரியும் செங்கேணிப்பட்டுக்குப் போனார்கள். பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடிய பாண்டிச்சேரி பஸ், கிளியனூர் மேட்டில் ஏற மாட்டாமல் இருமி இருமி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பிறகு வண்டிப்பாதையில் நடந்தார்கள்.

சேரிக்குள் நுழைகிற இடத்தில் பாதை இறங்கியது. எத்தனையோ முறை இறங்கியிருக்கிறான். அன்றைக்குத்தான் இறங்குகிறோம் என்பது அவன் காலுக்கு உறைத்தது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான். வண்டிப்பாதை அவன் தொடை உயரத்தில் இருந்தது. அங்கேதான் வேங்கடேசன் அடித்த மர முளை இன்னும் நின்றது. அதன் உயரம் நூற்றைந்து.

தலைமுறை தலைமுறையாக அந்த ஜனங்களுக்குச் சுவர் வைக்க மண் எடுக்க வேறிடம் கிடையாது. வெளியே ஒரு கூடை எடுத்தாலும் ரெட்டியார் ஆட்கள் அடிக்க வருவார்கள். வீட்டு வாசலிலேயே வெட்டி, குழைத்து, சுவர் வைத்தார்கள். மழையில் கரைந்தால் மறுபடி வெட்டினார்கள். அப்படியே சேரி முழுவதும் ஒரு சட்டி மாதிரி குழிந்து போயிருந்தது.

"இன்னாங்க நின்னுட்டீங்க?" என்றாள் லூர்துமேரி.

"ஒண்ணுமில்ல, நட."

லூர்துமேரியின் தங்கை இருதயமேரி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தாள். அவள் புருஷன் மரியஅந்தோணி சந்தோஷமாக இருந்தான். சேரியில் பாதிப்பேர் கரை வேலைக்கு மண் சுமந்துகொண்டிருந்தார்கள். தினம் கையில் காசு.

"அண்ணே, ஏரி ரொம்பிச்சுன்னா ரெண்டு போகமாம். நமக்கும் நடவு, அறுப்புன்னு வருஷம் பூரா வேலை. நீங்கதான் படம் போட்டீங்களாமே? இருதயமேரி எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியறா."

சவரிராயன் கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய், மர முளை நின்ற பக்கம் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கருவியில் கோளாறு, சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, லெவல் கருவியையும் கட்டையையும் ஆபீஸிலிருந்து வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பூசை முடிந்து ஆண்கள் கரைக்குப் போய்விட்டார்கள். கட்டையைப் பிடிக்க இருதயமேரி வந்தாள். முதலில் முளையின்மேல் நிறுத்தச் சொல்லிப் படித்துக்கொண்டான். பிறகு அவள் கோயில் வாசலிலும், கடைசி வரிசைக் குடிசைகளிலும், கிணற்றடியிலும் கட்டையை நட்டு நட்டு நின்றாள். கருவியின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே. அதில் தலை தொங்க இருதயமேரி. அவள் கையில் அந்த எண்கள். கட்டையில் எண் கூடக் கூட நிலம் தாழ்கிறது என்று பொருள். எண் கூடிக்கொண்டே போனது.

"சரியா புடிக்கிறேனா மாமா?"

"சரியாத்தான் புடிக்கிறே."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். மறுபடி போட்டான். சேரியில் ஒரு வீடுகூட நூற்றுநாலு அடிக்கு மேல் இல்லை. கோயில் தரை நூற்றுமூன்று. கடைசி வரிசை அதற்கும் கீழே. கலங்கல் வழிகிற நாட்களில் தண்ணீர் இன்னும் அரையடியாவது ஏறி நிற்கும்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு விழுப்புரத்துக்கு ரயிலேறினான். சீனுவாசன் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனார். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"பழைய எண்ணெல்லாம் சராசரியா?"

"ஆமாம் சார். அங்க யாரும் லெவல் எடுக்கல. நான்தான் எழுதினேன்."

"ராயன், இதுக்காகப் படத்தைத் திருப்பி அனுப்பினா மதிப்பீடு திரும்பி வரும். நிலம் எடுக்கணும். மனை கொடுக்கணும். அதுக்குள்ள மழை வந்துடும். இந்த வருஷம் ஏரி கிடையாது. அடுத்த வருஷம் யார் கண்டா? கரைக்குக் கீழே எவ்வளவு நஞ்சை காத்துண்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்." அவர் தாளைத் திருப்பி வைத்தார். "முழங்கால் தண்ணிதானே?"

"மண் சுவரு சார்."

சீனுவாசன் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியே ஜங்ஷனில் ஒரு இன்ஜின் ஆவி விட்டது.

"உங்க கணக்கு சரி. சரியா இருக்கறதாலதான் சங்கடமா இருக்கு. தப்பா இருந்தா இப்பவே கிழிச்சுப் போட்டிருப்பேன்." பிறகு சட்டென்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை அங்க எதுக்குப் போனீங்க?"

சவரிராயன் அவர் மேசையின் விளிம்பைப் பார்த்தான். "என் சம்சாரத்தோட ஊர் சார்."

"செங்கேணிப்பட்டா?"

"செங்கேணிப்பட்டுச் சேரி."

சீனுவாசன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரல் மாறவில்லை. "நான் பார்த்துக்கறேன். நீங்க போங்கோ" என்றார்.

அவர் என்ன பார்த்துக்கொண்டாரோ தெரியாது. அந்த வாரக் கடைசியில் சவரிராயன் திண்டிவனம் ஆபீஸில் தண்ணீர் குடிக்கப் போனபோது, பானைமேல் வழக்கமாக இருக்கும் பித்தளை டம்ளரைக் காணோம். பியூன் எழுந்து வந்து, "நான் ஊத்தறேன் சார்" என்று, உயரத்திலிருந்து அவன் கையில் ஊற்றினான். சார் என்பதை விடவில்லை. வேங்கடேசன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் அன்று மும்முரமாக வேலை செய்தார்கள்.

கருவியைப் பொய் சொல்லி எடுத்துப் போனதற்கு எச்சரிக்கை ஒன்றும் வந்தது. படம் திருத்தப்படவில்லை.

சவரிராயன் சேரிக்குப் போய் எல்லோரையும் கோயில் வாசலில் கூட்டினான். எதையும் மறைக்காமல் சொன்னான். ஏரி நிரம்பினால் இங்கே முழங்கால்வரை தண்ணீர் நிற்கும், வந்து போகாது, மாதக்கணக்கில் நிற்கும் என்றான். ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

மண் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சவுரியம்மாள். வாட்டசாட்டமான விதவை. அவள்தான் முதலில் பேசினாள்.

"சரி, இன்னா பண்ணச் சொல்றே?"

"மழைக்கு முன்னாடி மேட்டுக்குப் போயிடுங்க."

"மேடு இருக்குது. யாரு மேடு?"

மேற்கே மல்லாட்டைக் கொல்லை ரெட்டியாருடையது. வண்டிப்பாதைக்கு அந்தாண்ட களத்துமேடும் அவருடையது. மரியஅந்தோணியும் இன்னும் இரண்டுபேரும் அவரிடம் போய் நின்றார்கள். மழை முடிகிறவரை களத்துமேட்டு ஓரத்தில் கொட்டகை போட்டுக்கொள்ள இடம் கேட்டார்கள். ஒருதரம் குடிசை போட விட்டால் அப்புறம் எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு, சர்க்கார் படத்தில் உங்கள் இடம் மேடு என்றுதான் போட்டிருக்கிறது, கணக்குப்பிள்ளை சொன்னார், எவன் உங்களைக் கலைக்கிறான் என்றும் கேட்டாராம்.

"அப்போ கரை வேலைக்குப் போவாதீங்க" என்றான் சவரிராயன், அடுத்த முறை. "நீங்களே மண்ணு கொட்டி நீங்களே முழுகணுமா?"

சவுரியம்மாள் சிரித்தாள். அதில் கேலி இல்லை. "நாங்க நிறுத்தினா வெளியூரு ஆளு வந்து கட்டுவான் தம்பி. தண்ணி அப்பவும் வரும். கூலி மட்டும் வராது."

புரட்டாசி முடிவில் கலங்கலுக்கு மேல்பூச்சுப் பூசி, கரைக்குப் புல் பதித்தார்கள். அதையும் பதித்தது சேரிப் பெண்கள்தான். இருதயமேரி வீட்டில் சுவரைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு மண் அணைத்து வைத்தாள் மரியஅந்தோணியோடு சேர்ந்து. அதற்கும் வாசலில்தான் மண் வெட்ட வேண்டியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. புயல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. விட்டு விட்டு, சலிக்காமல் பெய்தது. வரத்து வாய்க்கால்கள் ஏரியில் கொண்டுவந்து சேர்த்தன. கார்த்திகை பிறந்ததும் ஏரி கோடி போயிற்று. புதுக் கலங்கலில் தண்ணீர் வெள்ளையாக வழிவதைப் பார்க்க ஊர் திரண்டது. கிடா வெட்டினார்கள். மேளம் வைத்தார்கள். இத்தனை தண்ணீரை அந்த ஏரியில் கண்டவர் யாரும் உயிரோடு இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சேரிக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் கிணற்றடி. அப்புறம் கடைசி வரிசை. அடுப்புக்குள் தரையிலிருந்து கசிந்து சாம்பல் குழைந்தது. ஜனங்கள் பானை சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதை ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். மாதா சுரூபத்தைச் சாக்கில் சுற்றிப் புளியமரத்துக் கிளையிடுக்கில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் அவரவர் வீடு தெரிந்தது. சுவர்கள் அடியில் கறுத்து, உப்பி, பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. இடிந்தன என்று சொல்ல முடியாது. களைத்துப்போன மாடு படுப்பது மாதிரிதான் உட்கார்ந்தன.

மரியஅந்தோணி வீட்டுச் சுவர் மற்றவற்றைவிடக் கொஞ்சநாள் நின்றது. கூரையில் பனைமரச் சட்டங்களாகிய பனங்கை போட்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கூலி சேர்த்து வாங்கிய மரம். அது போனால் இன்னொரு வீட்டைப் பற்றி நினைக்கவே முடியாது. ஒரு காலை, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், மரத்தையாவது எடுத்து வந்துவிடுகிறேன் என்று தண்ணீரில் இறங்கிப் போனான். இருதயமேரி பாதை ஓரத்தில் நின்று, வேணாம், வேணாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மரத்தை உருவி வெளியே தள்ளிவிட்டான். மூன்றாவதை இழுத்தபோது சுவர் உள்பக்கமாக அவன்மேல் சாய்ந்தது. முழங்கால் தண்ணீர்தான். ஈர மண்ணின் பாரம் அவனை எழ விடவில்லை. ஆட்கள் ஓடிப்போய் மண்ணைப் பறித்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சேதி கேட்டு சவரிராயனும் லூர்துமேரியும் போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் செய்ய இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சேரியின் கல்லறைத் தோட்டம் ஏரிக்குள் கிடந்தது. சிலுவைகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கடைசியில் கிளியனூருக்கு அந்தாண்ட வேறொரு பங்குச் சாமியாரிடம் கெஞ்சிக் கேட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஓர் இடம் வாங்கினார்கள். மழையில் நாலு மைல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சவரிராயன் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

அன்று திரும்பும் வழியில்தான் லூர்துமேரி கேட்டாள்.

"கோடு நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"போடறப்போவே ஒங்களுக்குத் தெரியுமா, நம்ம சேரி பள்ளம்னு?"

அவன் நடந்துகொண்டே இருந்தான். "கொஞ்சம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான்.

"யோசிக்கலையா?"

அவன் பாதையில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். அவள் அப்புறம் அதைக் கேட்கவில்லை.

இருதயமேரியைத் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து தங்களோடு வைத்துக்கொண்டார்கள். சேரி ஜனங்கள் மனைக்கும் ஈட்டுக்கும் மனுக் கொடுத்தார்கள். அந்த இடம் நீர் நிற்கும் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி மனு சவரிராயன் ஆபீஸுக்கே வந்தது. வருகிறது என்று எழுதினான் அவன். தான் எடுத்த லெவல்களை இணைத்து, பழைய எண்கள் அளந்தவை அல்ல, தானே சராசரி போட்டு எழுதியவை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினான். வேலை போகவில்லை. நேரில் போய்ச் சரிபார்க்கவும் என்று குறிப்போடு காகிதம் திரும்பி வந்தது. சரிபார்க்கப் போனவர் வேங்கடேசன்.

மறுநாள் சாயங்காலமே திரும்பிவிட்டார்.

"என்ன சார், எடுத்தீங்களா?" என்று கேட்டான் சவரிராயன்.

"எங்க எடுக்கறது? தண்ணி நிக்குது. கட்டைய எங்க வெக்கிறது? ரோட்டு மேலேர்ந்து பாத்துட்டு வந்தேன். முன்ன போட்டதையே வெச்சுக்கலாம்."

"முன்ன போட்டது நீங்க எடுத்ததில்ல சார். நான் எழுதினது."

"யாரு எழுதினா இன்னா? படத்துல இருக்குது இல்ல?" வேங்கடேசன் அலுத்துக்கொண்டார். அவருக்கும் நனைந்து சளி பிடித்திருந்தது. "மேல இருக்கறவங்க ஒத்துக்கினு கையெழுத்துப் போட்ட படம் சார். அத நீயும் நானும் இப்ப தப்புன்னா, பேஜாரு நமக்குத்தான்."

சார் என்று தொடங்கி நீ என்று முடித்ததை அவரே கவனிக்கவில்லை.

மார்கழியில் பதில் போயிற்று. படத்தின்படி மேற்படி இடம் நீர் எல்லைக்கு வெளியே மேட்டில் உள்ளது. தற்போது தேங்கியிருப்பது மழைநீரேயன்றி ஏரிநீர் அல்ல. ஆகவே ஈடு இல்லை. அதை நகலெடுத்து எழுதும் வேலை சவரிராயனுக்குத்தான் வந்தது. அவன் எழுத மாட்டேன் என்றான். பக்கத்து மேசைக்காரர் வாங்கி எழுதினார். ஐந்து நிமிஷ வேலை.

தை, மாசி வரையில் தண்ணீர் நின்றது. கரைக்குக் கீழே நெல் நன்றாக விளைந்திருந்தது. அறுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. ரோட்டோரத்தில் சாக்கும் ஓலையும் கட்டிக் குடியிருந்தவர்கள் போய் அறுத்தார்கள். காய்ச்சலில் சிலர் செத்துப்போனார்கள். மூன்றாவதாகப் போனவள் சவுரியம்மாள். அறுப்பு முடிந்ததும், ரோட்டோரத்தையும் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

அந்தச் சமயத்தில் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோறும் கம்பளியும் தருவார்களாம். மேஸ்திரி ஒருவன் வந்து பேசிவிட்டுப் போனான். சேரியில் நடக்க முடிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். சமைக்கவும் கல் உடைக்கவும் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறான் என்று கேட்டு, இருதயமேரியும் கொடுத்துவிட்டாள்.

"ஏன் மேரி? இங்கயே இரேன்" என்றான் சவரிராயன்.

"இருந்து இன்னா மாமா பண்றது?" என்றாள் அவள். குறை சொல்கிற குரல் இல்லை. "எங்க ஜனம் பூரா போவுது. நான் மட்டும் ஒங்க வூட்டுச் சுவத்தப் பாத்துக்கினு குந்தியிருக்கறதா?"

விழுப்புரம் ஜங்ஷனில் வழியனுப்பப் போனார்கள். மேஸ்திரி ஜனங்களை ஆடு எண்ணுவது போல் தொட்டுத் தொட்டு எண்ணி ஏற்றினான். சாக்கில் சுற்றிய மாதாவை யாரோ மடியில் வைத்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்த இருதயமேரி, அக்காள் கையைப் பிடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி நகர்ந்ததும் கை விட்டுப் போயிற்று. அந்த வண்டியில் போனவர்களில் நாலைந்துபேர் யுத்தம் முடிந்து திரும்பி வந்தார்கள். இருதயமேரி வரவில்லை. மலைக்காய்ச்சல் என்று ஒருவனும், மண் சரிந்தது என்று இன்னொருவனும் சொன்னார்கள். இரண்டில் எது நிஜமென்று கடைசிவரை தெரியவில்லை.

வழியனுப்பிய அன்று சவரிராயனும் லூர்துமேரியும் திரும்புவதற்குப் பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. சவரிராயன் ஏறி, எதிர் இருக்கையில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்துவிட்டு வெளியே பார்த்தான். லூர்துமேரி முன்னால் நடந்துபோய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மயிலத்தில் யாரோ ஒருவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, ஏரியெல்லாம் இந்த வருஷம் நல்லா இருக்குதாமே என்று பேச்சுக் கொடுத்தார். ஆமாம் என்றான் சவரிராயன்.